2080இல் ஓய்வு பெறுங்கள்

ஓய்வுக்காலத்துக்கு மலாக்காவைப் போல வாய்த்த ஊர் உலகத்தில் இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் எல்லாரும் கணக்குப் புலிகள். நாற்பத்தைந்து வயதில் வேலையை உதறிவிட்டு, எந்த நாட்டில் போய் உட்கார்ந்தால் வரி கம்மி, சாப்பாடு கம்மி, வைத்தியம் கம்மி என்று பென்சிலும் கையுமாக உலக வரைபடத்தின் மேல் குனிந்திருப்பவர்கள். அவர்கள் கண்ணுக்கு மலாக்கா தங்கம். தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு, சில நிபந்தனைகளோடு, 2036 கடைசி வரை வரிவிலக்கு. செத்த பிறகு சொத்துக்கு வரி கிடையாது. மரண வரியை 1991லேயே ஒழித்தாயிற்று. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றை மாற்றினால் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கையில் விழும். சாயங்காலம் ஜோன்கர் தெருவில் உலாவலாம். நெஞ்சு வலித்தால், சுமத்ராவின் டுமாயிலிருந்து ஃபெரி ஏறி நோயாளிகள் தேடி வரும் தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

இந்தச் சொர்க்கத்தின் நுழைவுக் கட்டணத்தையும் யாரும் ஒளிக்கவில்லை. ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்று 2002இல் பெயர் சூட்டிய திட்டத்தை 2024இல் நகைக்கடைப் பாணியில் சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று ரகம் பிரித்தார்கள். சில்வருக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை. கூடவே 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு ஒன்று வாங்க வேண்டும். செய்தால் ஐந்தாண்டு அனுமதி. பிளாட்டினத்துக்கு ஒரு மில்லியன் டாலர்; இருபது ஆண்டு. மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார் என்று வீட்டோடு வந்து இறங்கலாம்.

நாமும் பென்சிலை எடுப்போம். மலாக்காவின் ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவருக்கு ஓய்வுக்காலத் திட்டம் போட்டுக் கொடுப்போம். அவரும் மனுஷிதானே, அவருக்கும் ஆசை இருக்காதா?

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இ.பி.எஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. ஆக மாதம் 408 ரிங்கிட் சேருகிறது. டாலருக்கு நாலு ரிங்கிட் என்று வைத்தால் சில்வர் ரகத்தின் வைப்புத்தொகை 600,000. வீட்டுக்கு இன்னொரு 600,000. வைப்புத்தொகையில் பாதியை எடுத்து வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் இரக்கம் காட்டியிருப்பதால், தேவை 900,000 மட்டுமே. வகுத்துப் பாருங்கள்: 183 வருஷமும் பத்து மாதமும். வட்டி எங்கே என்று கணக்குப் புலிகள் உறுமுவார்கள். விலைவாசி ஏறுவதையும் நான் சேர்க்கவில்லை. 2013க்கு முன்னால் இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே இல்லை என்பதையும், அது வந்தபோது தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில்தான் வந்தது என்பதையும் சேர்க்கவில்லை. அதற்கு இது சரியாய்ப் போயிற்று.

1896இல் மலாக்காவின் டான் சே யான், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் பேச்சைக் கேட்டு, புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் வளர்த்த முதல் தோட்டங்களில் ஒன்று அது. அந்த வருஷமே ஒரு தமிழன் காடு வெட்ட வந்து, இன்றைய சம்பளத்தை அன்றே வாங்கி, சாகாமல், இ.பி.எஃப்பில் கைவைக்காமல் உழைத்திருந்தால், 2080 வாக்கில் இதே மாநிலத்தில் ஐந்தாண்டு தங்க அனுமதி வாங்கியிருப்பான். சில்வர் ரகத்தில்.

குடியுரிமை உள்ளவனுக்கு எதற்கய்யா விசா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. விசா வேண்டாம், கூரை வேண்டும். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். தனியார் துறையில் ஓய்வு வயதை 2013 ஜூலையில் 60 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு அது ஓய்வு பெறும் வயது, தோட்டத்தில் சாமான் கட்டும் வயது.

அந்த அம்மா சாமான் கட்டுவதைப் பார்த்தேன். ஐ.சி., பிறப்புப் பத்திரம், இ.பி.எஃப் தாள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். பாய் இரண்டு, மாரியம்மன் படம், அரிசி மூட்டைச் சாக்கில் பாத்திரங்கள். மேலே, அட்டைப் பெட்டி பிரிக்காமல், நீண்டகாலச் சேவைக்காக நிர்வாகம் கொடுத்த சுவர்க் கடிகாரம். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். “பத்து பெரண்டாம்ல மக வீடு இருக்கு தம்பி. அஞ்சாவது மாடி. லிப்ட்டு இல்ல. ஏறிட்டா அப்புறம் எறங்குறதுதான் கஷ்டம்.” கடிகாரத்தை ஏன் மாட்டவே இல்லை என்று கேட்டேன். “கம்பெனி செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுல்ல?” என்றார். வாழ்நாள் உழைப்புக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தவர்களுக்குச் சுவரும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

வரி இல்லாத ஊரைத் தேடி அலைபவர்களுக்கு ஒரு தகவல். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. விட்டுப்போக சொத்து இல்லாததால் மரண வரிக் கவலை 1991க்கு முன்னும் இருந்ததில்லை. உலகத்தின் பழைய வரிச் சொர்க்கம் தோட்டத்து லயம்தான். விண்ணப்பித்துக் குடியேற ஒருவரையும் காணோம்.

முன்கூட்டியே ஓய்வு பெறுவது தமிழனுக்குப் புதிதும் அல்ல. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று சட்டத்தை அமல்படுத்தி, சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் பல்லாயிரம் பேரை ஓய்வு பெற வைத்தார்கள். எந்த நாட்டில் செலவு கம்மி என்று அவர்கள் பென்சில் பிடிக்கவில்லை; டிரங்குப் பெட்டியோடு ரஜூலா கப்பலில் ஏறினார்கள். இன்று குலை வெட்ட வரும் இந்தோனேசியரும் வங்காளதேசியும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். உழைக்க வரும் அந்நியன் மனைவியைக் கூட்டிவரக் கூடாது. பெர்மிட் முடிந்தால் கிளம்ப வேண்டும். சாய்வு நாற்காலியோடு வரும் அந்நியன் மாமியாரைக்கூடக் கூட்டிவரலாம்.

நிலம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கடலைத் தூர்த்து மலாக்கா ராயா என்ற வட்டாரத்தையே எழுப்பிய மாநிலம் இது. போதாதென்று 43 பில்லியன் ரிங்கிட்டில் ‘மலாக்கா கேட்வே’ என்று கடலுக்குள் தீவு தீவாகக் கட்டப் புறப்பட்டார்கள்; 2020இல் அந்த ஒப்பந்தத்தை மாநில அரசே ரத்துசெய்தது. இல்லாத தரையை உண்டாக்கத் துணிந்தவர்களுக்கு, தலைமுறை தலைமுறையாகப் பால்வாளி சுமந்தவன் குடும்பத்துக்கு இருக்கிற தரையில் ஒரு மனை அளந்து கொடுக்க மட்டும் சங்கிலி எட்டுவதில்லை.

நம் தலைவர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதைப் பார்த்துத் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் காசு தோட்டமாக நின்றது. 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா. முன்னின்று மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள் தோட்டத்துப் பெண்கள். ஒரு ரிங்கிட் பங்குக்கு 2010இல் கிடைத்தது 80 சென். கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து இருபது சென் நஷ்டப்படுவதற்குக்கூடத் தலைமை தாங்க ஆள் இருந்தது. மேடை தோறும் மாலையும் இருந்தது.

படித்து மேலே வந்த நம்மைச் சொல்லவா? பினாங்கா, மலாக்கா, இல்லை கோயம்புத்தூரா என்று ஓய்வுக்காலத்தை அலசுகிறோம். அம்மா பொறுக்கிய உதிரியில் படித்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். தோட்டம் தாமானாக, வீடமைப்புப் பகுதியாக மாறும்போது அங்கே வீடு புக் செய்ய முதலில் ஓடுவதும் நாம்தான்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த நாட்டில் நிலம் மாநில அரசின் கையில். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு நிபந்தனை போடும் அதிகாரமும் அதற்கே. அங்கே உழைத்துத் தீர்ந்தவர்களுக்கு முதலில் வீடு கொடு, பிறகு மாற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். கடலைத் தூர்க்கத் தேவையில்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர் அரிசி மூட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் வரிப் பணம். பிறகு அவரை வாசலிலேயே நிறுத்தி, அந்த ஒரு வரியை எழுதுவாயா மாட்டாயா என்று கேளுங்கள். இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.