பினாங்கிலிருந்து ஒரு புல் விவகாரம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
புரட்டாசி மாதம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சம்பா நட்டாகிவிட்டது, மேலுரத்துக்கு மூட்டை யூரியாவா, கடையில் காட்டுகிற நானோ யூரியா புட்டியா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளோடு மாரடிக்கிற மருமகனிடம் பயிர்ச் சாஸ்திரம் கேட்பது தங்கள் பெருந்தன்மை. ஆயினும் அதே தர்க்கம் என் வாசலிலேயே நடந்துகொண்டிருப்பதால் சற்றுத் தைரியமாகவே எழுதுகிறேன்.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னே, நம் நாற்றங்கால் அளவுக்கு ஒரு புல்தரை இருக்கிறது. அதன் பசுமை குன்றாமல் காப்பது குடியிருப்போர் கடமை என்று ஒப்பந்தத்தில் தனி ஷரத்தே எழுதி, வீட்டுக்காரத் தவுக்கே (முதலாளி) கையெழுத்து வாங்கியிருக்கிறார். கூரைக்கு அப்படி ஷரத்து ஏதும் இல்லை, கூரை ஒழுகுகிறது. தாங்கள் ஆயுள் முழுதும் ஆள் வைத்துப் பிடுங்கி வரப்பில் எறிகிற வஸ்துவை, இங்கே நாங்கள் காசு கொடுத்து உரம் வாங்கிப் போட்டு வளர்த்து, மறுபடி காசு கொடுத்து வெட்டச் சொல்லி, பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறோம். இவ்வளவு செழிப்பான அகன்ற இலைப் புல்லை மேய ஒரு மாடு கிடையாது என்பதைத் தங்கள் சிவப்புப் பசுவிடம் சொல்ல வேண்டாம்.

வலப்புற வீட்டுப் பெரியவர், கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் புதல்வர்; குருணைப் பட்சம். உரமென்றால் கையில் கனக்க வேண்டும், விதைப்பதுபோல் வீச வேண்டும், மற்றதெல்லாம் சர்பத் என்பது அவர் சித்தாந்தம். இடப்புறத்துச் சீன வாத்தியாரம்மாவோ திரவப் பட்சம். புட்டியின் மூடியில் கண்ணருகே பிடித்து அளந்து, தண்ணீரில் கலந்து, பூவாளியால் பூஜை போலத் தெளிப்பார். சில நாளில் புல் கரும்பச்சையாகிவிடும். அதை நாங்கள் கவனிக்கிறோமா என்று பார்ப்பதற்காகவே வேலியோரம் வந்து நிற்பார்.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கரைந்த சத்தை இலையும் வேரும் உடனே ஏற்றுக்கொள்ளும். ஆனால் வந்த வேகத்திலேயே தீர்ந்தும்போகும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஊற்ற வேண்டும். அதற்குள் இந்த ஊர் மழை குறுக்கிடுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் மலைமேல் கறுத்து, மாலையில் கொட்டத் தொடங்கினால், அம்மையார் காலையில் தெளித்ததில் பெரும்பகுதி வடிகாலுக்குப் போய், அங்கே யாரும் விதைக்காத கங்குங் கீரையைப் போஷிக்கிறது. குருணையும் குற்றமற்றதன்று. ஈர இலையில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கருக்கிவிடும். கை சீராக ஓடாவிட்டால் புல்தரை வரிக்குதிரையாகிவிடும். வெறும் யூரியாவைத் தரைமேல் போட்டு நீர் காட்டாமல் விட்டால் சத்தில் கணிசமான பகுதி ஆவியாய்ப் பறந்துவிடும்.

ஆகையால் நான் சேர்ந்திருப்பது மேல்பூச்சுக் குருணைப் பட்சத்தில். ஒவ்வொரு குருணை மணிக்கும் மெல்லிய தோல் ஒன்று போர்த்தியிருக்கிறார்கள்; ஈரம் உள்ளே கசிந்து சத்தைக் கரைக்க, அது மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வெளியே வருகிறது. இலை உலர்ந்திருக்கும் வேளையில் வீசிவிட்டால், பிறகு தூறுகிற மழையே வேலைக்காரன். இதை ஏதோ அந்நிய தேசத்து அதிசயம் என்று எண்ண வேண்டாம். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று முதல் நாள் இரவே தாங்கள் களத்தில் கலந்து வைப்பீர்களே, அதன் உத்தேசமும் யூரியாவின் சத்து அவசரமாக வீணாகாமல் மெல்லக் கிடைக்கச் செய்வதுதான். இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என்று 2015இல் விதித்தார்கள்.

நானோ புட்டி விஷயம். 2021இல் இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் அதை வெளியிட்டபோது, அரை லிட்டர் புட்டி 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்றார்கள். கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்: அப்போதைய புட்டியில் இருந்தது 4 சதவீதம், அதாவது 20 கிராம் தழைச்சத்து, மூட்டையில் 46 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 கிலோ. துகள் எவ்வளவு நுண்ணியதாயினும் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு நெற்கதிரை ஏமாற்ற முடியுமா என்று விஞ்ஞானிகள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். புல்லானால் சோதித்துப் பார்க்கலாம். பட்டுப்போனால் தவுக்கேக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். சம்பாவுக்கு மூட்டையே வாங்குங்கள்.

புல் வெட்ட வருகிற வங்காள தேசத்துத் தம்பி மட்டும் எந்தப் பட்சத்திலும் சேராமல், மூன்று வீட்டுக்காரர்களையும் சமமாகப் புகழ்கிறார். மாதம் ஒரு தரம் வந்தவர் இப்போது இரண்டு தரம் வருகிறார். கூலியும் இரண்டு தரம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மருமகன்