கேத்தோட்டுக்குக் கோடு

டையோடில் வெள்ளிக் கோடு போட்ட முனை கேத்தோடு, அதாவது எதிர்முனை. கேத்தோடு, கோடு என்று இயைபு வருவதால் தமிழில் இது எளிதாக மனதில் நிற்கும். ஆனால் ஆனோடும் ‘ஓடு’ என்றுதான் முடிகிறது. ஆகவே வாலை விட்டுத் தலையைப் பிடிக்க வேண்டும்: கே, கோ. 1என்4007 டையோடு, கரிய உடம்பில் ஒற்றைப் பட்டையுடன், திருநீறு பூசி வந்தவர் மாதிரியே இருக்கும்.

எல்இடிக்கு ‘நீளக் கால் நேர்’. நீ, நே இரண்டும் யாப்பிலக்கணப்படியே மோனை. குறுகிய கால் எதிர். இந்தச் சூத்திரம் கடையில் வாங்கிய புதுச் சரக்குக்கு மட்டும்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய போர்டிலிருந்து பிடுங்கிய எல்இடிக்கு இரண்டு காலும் ஒரே நீளத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது அதன் வட்ட விளிம்பை நகத்தால் தடவினால் ஓரிடம் தட்டையாகத் தட்டுப்படும். அந்தப் பக்கம் எதிர். தட்டை விளிம்பு நேராக இருக்கிறதே, நேர்முனைதானே என்று நினைத்தால் தமிழே காலை வாரிவிடும். கழித்தல் குறியும் நேர்க்கோடுதான் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். பின்னோக்கி 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதவரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒயருக்குப் பொழிச்சலூரில் கைவசம் ஒரு வழி உண்டு. அங்குள்ள அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனி பகவானுக்காகக் கூட்டம் வரும் தலம். சனிக்குக் கறுப்பு, கறுப்பு ஒயர் நெகட்டிவ். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இது சரி. வீட்டுச் சுவரின் ஏசி ஒயரிங்கில் கறுப்பு என்பது நியூட்ரல். அங்கே சனியை இழுக்கக் கூடாது.

அலுமினிய மின்பகு கெப்பாசிட்டரிலும் பட்டை உண்டு, அதனுள்ளே கழித்தல் குறிகள் அச்சாகியிருக்கும். பட்டை என்றால் எதிர் என்று இதுவரை கட்டிய நம்பிக்கையை டான்டலம் கெப்பாசிட்டர் கெடுக்கிறது. அதன் பட்டை இருப்பது நேர்முனையில். நம்பியவருக்கு அது போடுவது பட்டை நாமம். மாற்றிச் சொருகினால் டான்டலம் தீப்பிடிக்கவும் கூடும். அலுமினிய வகையில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் கரைந்து வாயு சேரும். தலையில் கீறியுள்ள கோடுகள் அந்த வாயு வெளியேறத்தான். கூடத்தில் எமர்ஜென்சி விளக்கைப் பிரித்து வைத்திருப்பவர், “பட்” என்ற சத்தத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் ஈரக் காகிதத் துணுக்குகளைப் பொறுக்க வேண்டிவரும். அடுப்படியிலிருந்து வரும் கேள்விக்கு எந்தச் சூத்திரத்திலும் விடை கிடையாது.

ஜீனர் டையோடு வக்ர கதியில் வேலை செய்யும் கிரகம். வோல்டேஜைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதைத் தலைகீழாகத்தான் இணைக்க வேண்டும்: கோடு நேர்முனைப் பக்கம்.

எல்லாம் குழம்பினால் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். சாதா சிலிக்கான் டையோடில் ஏறத்தாழ 0.6 காட்டும்போது சிவப்பு முனை தொடுவது ஆனோடு. டிஜிட்டல் மீட்டருக்கு மட்டுமே இது பொருந்தும். முள் ஆடும் பழைய மீட்டர்கள் பலவற்றில், ஓம் அளவையில் சிவப்பு முனைதான் நெகட்டிவ்.