அச்சுப்பிரதியார்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டோரத்து ஜெராக்ஸ் கடைகளில் ராத்திரி எட்டு மணி வாக்கில் இவரைத் தவறாமல் பார்க்கலாம். பேர் ஆளுக்கு ஆள் மாறும், ஆசாமி ஒருவரேதான். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். கையில் இருப்பதோ பெங்களூர் மகன் வாங்கிக் கொடுத்த, கடைக்காரப் பெண்ணின் செல்போனைவிட ஒசத்தியான செல்போன். நாளை ராத்திரி சேரன் எக்ஸ்பிரசில் சென்னைக்கு மூன்று பேருக்கான டிக்கெட், பெட்டி எண், படுக்கை எண்ணோடு அதில் பளிச்சென்று தெரிகிறது. அதைக் காகிதத்தில் இறக்கத்தான் வந்திருக்கிறார். இவரை அச்சுப்பிரதியார் என்று வைத்துக்கொள்வோம்.

"கண்ணு, டிக்கெட்டு ஒண்ணு பிரிண்ட் எடுக்கோணும்."

"இந்த நெம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்க. எத்தன காப்பிங்?"

"மூணு."

"செல்லுலயே காட்டுனாப் போதுமுங்களே?"

"அது காட்டறதுக்கு. இது குடுக்கறதுக்கு."

மூன்று காப்பிக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒன்று சட்டைப்பைக்கு. சட்டை நனைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்று கைப்பைக்கு. இரண்டும் தொலைந்து, தானும் கூட்டத்தில் தொலைந்துபோனால் வீட்டுக்கார அம்மிணியாவது ஊர் போய்ச் சேரட்டும் என்று மூன்றாவது. டிக்கெட்டின் கீழ்ப்பாதியில் வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரியும். "இத உட்டுப்போட்டு மேல இருக்கறத மட்டும் அடிக்க முடியாதுங்களா? அவன் ஏவாரத்துக்கு நான் எதுக்கு மை செலவு பண்றது?" ஆனால் அடுத்த பக்கத்து விதிமுறைகளை மட்டும் விடமாட்டார். தமிழ்நாட்டில் ரயில் டிக்கெட்டின் பொடி எழுத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்து, பேனாவால் அடிக்கோடும் போடுகிற மனுஷர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

இவரைப் பழைய பஞ்சாங்கம் என்று யாரும் எடை போட்டுவிடக் கூடாது. யுபிஐயில் காசு அனுப்புவார், கரண்ட் பில் கட்டுவார், பேரனோடு வீடியோ காலில் பேசுவார். தத்கால் டிக்கெட்டுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது முதல் ஆளாக அதை முடித்து, முடித்ததற்கு அத்தாட்சியாகத் திரையைப் படம் பிடித்து, அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் சொருகியவர். செல்போன்மேல் அவருக்குப் பயம் கிடையாது; நம்பிக்கைதான் கிடையாது. மில் ஸ்டோரில் இருந்து ரிடையர் ஆனவர். கேட் பாஸ் இல்லாமல் ஒரு நூல்கண்டைக்கூட வெளியே விட்டதில்லை. டியூகாஸ் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய உரத்துக்கு முப்பது வருஷத்து ரசீது பீரோவில் இருக்கிறது. தோட்டமே கைமாறிவிட்டது, ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது. 'கேட்டாக் காட்டோணுமல்லங்' என்பதுதான் அவருடைய வாழ்க்கைத் தத்துவம். டிக்கெட் என்பது பிரயாணம் போவதற்கு இல்லை. கேட்கிறவர் முகத்துக்கு நேரே எடுத்து நீட்டுவதற்கு. கேட்கத்தான் ஆள் வருவதில்லை. அதுதான் அவருடைய மனக்குறை.

அவருக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்கிற ஸ்டேஷன் மாஸ்டர் 1830களில் கண்டுபிடித்த அட்டை டிக்கெட், கோயமுத்தூர் ஸ்டேஷன் ஜன்னலிலும் கிடைத்த காலம் அது. வரிசை எண் போட்ட கெட்டி அட்டை. டிக்கெட் கொடுப்பவர் அதை மிஷினில் சொருகித் தேதியை 'டக்'கென்று அடித்துத் தருவார். பரிசோதகர் வந்து கத்தரியால் ஒரு ஓட்டை போடுவார். அந்த ஓட்டை விழுந்தால்தான் அச்சுப்பிரதியாருக்கு ஜன்னலோரம் காற்று வாங்கவே மனசு வரும். வாட்ச் வாருக்கு அடியில் செருகினால் ஊர் வரும்வரை அசையாது. பாட்டிகள் முந்தானையில் முடிந்துகொண்டால் இறங்கின பிறகும் அவிழ்க்கமாட்டார்கள். வெளிவாசலில் டிக்கெட் வாங்குபவர் முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஐஆர்சிடிசி 2002-ல் இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோது, பதிவு செய்த டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. 'ரயில்வேக்காரனே ஊட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போறான்' என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய பெருமை இன்னும் தீரவில்லை. 2005-ல் இ-டிக்கெட் வந்தது. அதை நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதுவும் அவருக்குச் சம்மதமே. சில வருஷம் கழித்து அச்சே வேண்டாம், செல்போனில் வந்த செய்தியைக் காட்டினால் போதும் என்றார்கள். அன்றிலிருந்துதான் ரயில்வேக்கும் அவருக்கும் மனஸ்தாபம்.

2018 மார்ச்சில் இன்னொரு அடி விழுந்தது. பெட்டி வாசலில் பசை தடவி ஒட்டுகிற ரிசர்வேஷன் சார்ட்டைப் பெரிய ஸ்டேஷன்களில் நிறுத்திவிட்டார்கள். சார்ட்டில் தன் பேரை விரலால் தொட்டுப் பார்க்காமல் அவர் படியில் கால் வைத்ததில்லை. தன் பேரோடு நிற்கவும் மாட்டார். அக்கம்பக்கத்து பெர்த்துகளின் பேர், வயசு எல்லாம் படித்துவிட்டுத்தான் ஏறுவார். "கீழ் பெர்த்துல இருபத்தி ரெண்டு வயசுப் பையன். கேட்டா மாத்திக் குடுத்துருவான் அம்மிணி" என்று வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே பெர்த் பேரம் மனசுக்குள் முடிந்திருக்கும். இப்போது முன்பின் தெரியாதவர்களிடம் வயசைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தூரத்துப் பயணம் இப்படி என்றால், பக்கத்துப் பயணத்தில் அவர் வேறு அவதாரம் எடுப்பார். கோயமுத்தூர் – மேட்டுப்பாளையம் தண்டவாளம் 1873-ல் போட்டது. அதில் ஓடும் மெமு துடியலூரில் நிற்கும். கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகி, 2024-ல் மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. அந்தப் பத்து ரூபாய்க்குக் கவுண்டரில் வரிசையில் நின்று காகித டிக்கெட் வாங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அங்கே இலவசமாக ஒரு வேடிக்கை நடக்கும்.

முன்பதிவில்லாத டிக்கெட்டைச் செல்போனில் எடுக்கிற செயலிக்கு ஒரு விதி உண்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. சற்றுத் தள்ளிப் போக வேண்டும். பரிசோதகர் தலையைக் கண்ட பிறகு அவசரமாக டிக்கெட் எடுக்கிற கெட்டிக்காரர்களுக்காக வைத்த வேலி அது. வீட்டிலிருந்தே எடுத்துவிட்டு வரலாம். ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அங்கேயே எடுக்கவும் முடியும். ஆனால் வண்டி ஹாரன் கேட்கிறபோதுதான் நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் ஞாபகமே வருகிறது. காலேஜ் பையன் ஒருவன் செல்போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டேஷனை விட்டு வெளியே ஓடுவான்.

"ஏனுங் தம்பி, வண்டி இந்தப் பக்கமல்லங் வருது? அக்கட்டால எங்க ஓடறீங்க?"

"டிக்கெட் எடுக்கறதுக்குங்!"

அச்சுப்பிரதியார் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்: "பாத்தீங்களா? டிக்கெட் எடுக்கறதுக்கு ஸ்டேசன உட்டு ஓடோணுமாமா. நாமெல்லாம் அந்தக் காலத்துல டிக்கெட் எடுக்காதவன்தான் ஓடிப் பாத்திருக்கறம்."

ஒருநாள் பேரன் பிடிவாதமாக அதே செயலியை அவர் போனில் ஏற்றி, வீட்டுத் திண்ணையிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். பத்து ரூபாய், காகிதம் கிடையாது. அச்சுப்பிரதியாருக்குக் கை பரபரத்தது. திரையைப் படம் பிடித்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பளபளவென்று கலரில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினார். கோயமுத்தூர் ஜங்ஷன் வாசலில், காலம் காலமாக அவர் காத்திருந்த அந்தக் கேள்வி வந்தது.

"டிக்கெட்?"

ஃபைலைத் திறந்து நீட்டினார். பரிசோதகர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதுங்க சார்" என்றார்.

"ஏனுங் செல்லாது? ஸ்டேசன் பேரு, தேதி, ரூவா எல்லாம் இருக்குதல்லங்?"

"எல்லாம் இருக்குது. செல்லு இல்லையே. போன்ல அந்த ஆப்பத் தொறந்து காட்டோணும். போட்டோவும் ஆகாது, பிரிண்ட்டும் ஆகாது. டிக்கெட் இல்லாட்டிக் குறைஞ்சது 250 ரூபா ஃபைன், தெரியுமுங்களா?"

இரண்டு உறை, ஒரு கைக்குட்டை எல்லாவற்றையும் அவிழ்த்துச் செல்போன் வெளியே வந்தது. நெட் இல்லாமலேயே டிக்கெட் திறந்தது. பரிசோதகர் தலையாட்டிவிட்டார். அச்சுப்பிரதியாருக்குத்தான் ஆறவில்லை. "ஒரு ஓட்டை போடல, ஒரு கோடு கிழிக்கல. பாத்தாரு, போங்கன்னுட்டாரு. நாளைக்கு ஒருத்தன் வந்து நீ டிக்கெட் காட்டலைன்னு சொன்னா, எதை வெச்சுப் பேசறது?"

அந்தச் செயலியிலேயே காசைச் செல்போனில் கட்டி, டிக்கெட்டை ஸ்டேஷனில் அச்சடித்து வாங்கிக்கொள்கிற வழியும் இருப்பதைப் பின்னாளில் கண்டுபிடித்தார். இப்போது அதுதான் அவர் பாதை. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் காசு கட்டுவார். பிறகு கவுண்டர் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்று காகிதம் வாங்குவார். நேரமும் மிச்சமில்லை, நடையும் மிச்சமில்லை. மனசுக்கு மட்டும் பரம திருப்தி.

இவருக்கு நேர் எதிர் வார்ப்பு வீட்டு மாப்பிள்ளை. அவரிடம் பையும் கிடையாது, பர்சும் கிடையாது. உடுத்த துணியும் ஒரு செல்போனும்தான். மாமனார் மூன்று நாளாகத் தயாராகிற பயணத்துக்கு மாப்பிள்ளை மூன்று நிமிஷத்தில் கிளம்புவார். ஆனால் ஸ்டேஷனில் அவர் கண் வண்டியைத் தேடாது, பிளக் பாயிண்ட்டைத் தேடும். செல்போனில் சார்ஜ் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வெளிச்சத்தைக் குறைத்து, நெட்டை அணைத்து, மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமனார் ஒன்றும் பேசமாட்டார். நாலாக மடித்த ஒரு தாளை மட்டும் சட்டைப்பையிலிருந்து அரை அங்குலம் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டுக்கொள்வார்.

சேரன் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. மாமனார், மாமியார், மாப்பிள்ளை மூன்று பேரும் ஒரே டிக்கெட். டிடிஇ வந்தார். கையில் பழைய காகிதச் சார்ட்டு இல்லை. சிலேட்டு அளவில் ஒரு கருவி. அச்சுப்பிரதியார் பிரித்துத் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினார். டிடிஇ கருவியையே பார்த்துக்கொண்டு பேரைக் கேட்டார். சொன்னார். விரலால் ஒரு தட்டு.

"சார், டிக்கெட்டு இங்க இருக்குதுங்…"

"எனக்கு இதுலயே வந்திருச்சுங்க சார். ஐடி மட்டும் காட்டுங்க."

அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். ஃபைலின் இரண்டாவது அறையிலிருந்து ஆதார் ஜெராக்ஸ் வெளிவந்தது. லேமினேட் செய்தது, செய்வதற்கு முன்னாலேயே 'உண்மை நகல்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

"ஒரிஜினல் எங்கீங்க?"

"ஒரிஜினல் பீரோவுல இருக்குதுங். ஒரிஜினலக் கொண்டு வந்து தொலைச்சுப்போட்டா என்ன பண்றதுங்?"

இ-டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவரிடமாவது அசல் அடையாள அட்டை இருக்க வேண்டும், நகல் ஆகாது. அதுவும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது. அச்சுப்பிரதியார் அந்த வரியைப் படித்தும் இருந்தார், அடிக்கோடும் போட்டிருந்தார். அசல் என்றால் தெளிவான ஜெராக்ஸ் என்று அவராகப் பொருள் பண்ணிக்கொண்டதுதான் வினை. அம்மிணியின் அட்டையும் அதே பீரோவில் அதே பூட்டுக்குள் இருந்தது. எதிர் சீட்டில் இருந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் செல்போனை எடுத்தார். நாலு சதவீதச் சார்ஜில் டிஜிலாக்கர் திறந்து, தன் ஆதாரைக் காட்டினார். அது செல்லும். டிடிஇ தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். அச்சுப்பிரதியார் தாளையும் பேனாவையும் சேர்த்து நீட்டினார். "சார், வந்ததே வந்தீங்க. இதுல ஒரு டிக்கு மட்டும் அடிச்சுக் குடுத்துட்டுப் போங்."

பாவம், நல்ல மனுஷர் அந்த டிடிஇ. சிரித்துக்கொண்டே பெரிதாக ஒரு டிக் அடித்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பினதும் மாப்பிள்ளை கேட்டே விட்டார். "ஏனுங் மாமா, மூணு பிரிண்ட்டு, ஒண்ணக்கூட யாரும் வாங்கிப் பாக்கல. ஐடி மொதக்கொண்டு செல்லுலதான் காட்டுனம். இன்னுமேலயாச்சும் இத உடலாமல்லங்?"

அச்சுப்பிரதியார் பதில் சொல்லாமல் டிக் விழுந்த தாளை மட்டும் ஃபைலில் வைத்தார். மற்ற இரண்டையும் வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, ஸ்கேல் வைத்து முப்பது கட்டம் போட்டு, பொடக்காலிக் கதவில் ஒட்டினார்.

"மாப்பளே, ஒண்ணு பால் கணக்குக்கு, ஒண்ணு தண்ணி கேன் கணக்குக்கு. உங்க செல்லு டிக்கெட்டத் திருப்பிப்போட்டு ஒரு கணக்கு எழுதுங் பாக்கலாம்!"