அப்கிரேடுக்குப் பின் புரொசீஜர்களின் நிலை: குப்பனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கணிப்பொறி அறைகளில் மிகுதியாக ஒலிக்கும் தமிழ் வாக்கியம் எதுவென்று முனைவர் பட்டத்துக்கு யாரேனும் ஆராயலாம். ஆராய்ந்தால், "நேத்து வரைக்கும் ஓடுச்சுங்களே" என்பதே முதலிடம் பெறும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். டேட்டாபேஸை அப்கிரேடு செய்தபின் இவ்வாக்கியம் கணக்குப் பிரிவில் பிறக்கிறது. சிஸ்டம் பார்ப்பவரைத் தாண்டி முதலாளியிடம் போய்ச் சேர்கையில் "மொத்தமா நின்னு போச்சுங்க" என வளர்ச்சியுறுகிறது. முதல் வாக்கியம் பொய்யன்று. நேற்று ஓடியதுதான். அந்த நேற்று எந்தத் தேதி என்பதே ஆய்வுச் சிக்கல்.

2. ஆய்வுப் பொருளும் இலக்கண மரபும்

ஸ்டோர்டு புரொசீஜர் என்பது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேலை செய்யும் நிரல். இதற்குப் பண்புகள் இரண்டு. எழுதியவர் இப்போது அந்த அலுவலகத்தில் இல்லை. இருப்பவர் அதைத் தொடுவதில்லை.

பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமாகாது என்று நன்னூலில் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே அனுமதி வழங்கிவிட்டார். ஆனால் கழிந்த சொல்லை எழுதியவனுக்கு அவர் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி காட்டவில்லை. மென்பொருள் நிறுவனங்கள் காட்டுகின்றன. எஸ்கியூஎல் சர்வரில் இரண்டு அட்டவணைகளை இணைக்க *= என்று எழுதும் வழக்கம் இருந்தது; 2005 பதிப்பு அதைச் செல்லாததாக்கியது. 2008இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.3, எண்ணைத் தானாகவே எழுத்தாக்கிப் புரிந்துகொள்ளும் பெருந்தன்மையைக் கைவிட்டது. ஆரக்கிளில் பல வரிகளைக் காற்புள்ளியிட்டு ஒட்டித் தந்த டபிள்யூஎம்_கான்கேட், 12சி பதிப்பில் காணாமல் போனது. அதிகாரபூர்வ ஆவணத்தில் இடம்பெறாத ஒன்று அது. ஆகவே முறையிடவும் வழியில்லை. 2018இல் வெளியான மைஎஸ்கியூஎல் 8.0, 'ரேங்க்' என்ற சொல்லைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. அந்தப் பெயரில் நெடுவரிசை வைக்காத மதிப்பெண் அட்டவணை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உண்டா என்பது கள ஆய்வுக்குரியது.

இவற்றுள் தத்துவச் சிறப்பு மிக்கது 'ரைஸ்எரர்'. பிழை நேர்ந்தால் அறிவிக்க இதை அடைப்புக்குறியின்றி எழுதும் பழைய பாணியை எஸ்கியூஎல் சர்வரின் 2012 பதிப்பு நீக்கியது. பல்லாண்டுகளாக நேராத பிழையை அறிவிக்கக் காத்திருந்த வரி, தானே பிழையாகி மொத்தப் புரொசீஜரையும் நிறுத்தியது.

3. ஆய்வுக்களம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பாதை இரண்டு. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. வலசையூர், குப்பனூர், கொட்டச்சேடு என்று சுற்றி ஏறுவது மற்றொன்று. மழைக்காலத்தில் முதல் பாதையில் மண் சரிந்தால், வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள். திருப்பியதும் பயணிகளுக்கு நிம்மதி. பாறை என்னவோ விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

எஸ்கியூஎல் சர்வரின் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்பது இந்தக் குப்பனூர் வழிதான். சர்வர் 2005ஆக இருந்தாலும், டேட்டாபேஸை 80 என்ற பழைய லெவலில் வைத்தால் *= ஓடியது. 2008லும் ஓடியது. 2012 பதிப்பு 80ஐ ஏற்க மறுத்தபோது சுற்றுவழியும் அடைபட்டது. பாறையை அகற்றக் கிடைத்த அவகாசம் ஏழாண்டு. அகற்றும் வேலை எந்த ஆண்டின் எந்த வாரத்தில் தொடங்கியிருக்கும் என்பதை வாசகர் தம் அலுவலக அனுபவத்தால் உய்த்துணர்க.

4. பருவவியல்

ஏற்காட்டு மலையில் அரபிக்கா காப்பிப் பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. பறித்த எடைக்கேற்பக் கூலி கணக்கிட ஒரு தோட்டம் புரொசீஜர் வைத்திருப்பதாகக் கொள்வோம். அப்கிரேடுக்கு நாள் குறிக்கும்போது "வேலை கம்மியா இருக்கிற மாசமா பாருங்க" என்பார் முதலாளி. மே மாதம் முடிவாகிறது. மலையில் கோடை விழாக் கூட்டம். தோட்டத்து ஆபீஸில் ஈ ஓட்டுகிறார்கள். அப்கிரேடு முடிந்ததும் வருகைப் பதிவு ஓடுகிறது, மாதச் சம்பளம் ஓடுகிறது. எல்லோருக்கும் இனிப்பு வழங்கப்படுகிறது.

பறிப்புக் கூலிப் புரொசீஜரை யாரும் கூப்பிடவில்லை; செடியில் பறிக்கப் பழமில்லை. பேக்கப்பிலிருந்து மீட்கும்போது எஸ்கியூஎல் சர்வர் புரொசீஜர்களைப் படித்துப் பார்ப்பதில்லை. வெறும் உரையாக வாங்கி வைத்துக்கொள்கிறது. முதன்முறை கூப்பிடும்போதுதான் இலக்கணம் பார்க்கிறது. நவம்பரில், கூலி நாளன்று, பின்வரும் உரையாடல் நிகழ்கிறது:

"ஏங்க, கூலி லிஸ்ட் வரலைங்க."

"நேத்து வரைக்கும் ஓடுச்சுங்களே?"

"நேத்து எங்கீங்க ஓட்டுனோம்? போன ஜனவரியில ஓட்டுனது."

இதிலிருந்து பெறப்படும் விதி: அப்கிரேடுக்கு வேலை குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பது, வேலை மிகுந்த மாதத்துப் புரொசீஜர் யார் கண்ணிலும் படாமல் தப்புவதற்கு நாமே செய்துகொடுக்கும் ஏற்பாடு.

5. மருத்துவ மரபுகள்

அந்தக் கூலிப் புரொசீஜருக்குள் *= இருந்ததெனக் கொண்டால், வைத்தியம் பார்க்கும் மரபுகள் மூன்று. முதலாவது, நட்சத்திர நீக்க மரபு. *= என்பதில் நட்சத்திரத்தை மட்டும் அழித்துவிட்டால் பிழைச்செய்தி மறையும். ஆனால் நட்சத்திரம் சொன்னது, "பெயர்ப்பட்டியலில் உள்ள எல்லோரும் வரட்டும், எடை இல்லாதவருக்கு நேரே வெற்றிடம் இருக்கட்டும்" என்பது. வெறும் சமக்குறி எடை உள்ளவரை மட்டும் அழைக்கிறது. அன்று விடுப்பில் இருந்த தொழிலாளி பட்டியலிலேயே இல்லாமல் போகிறார். கணிப்பொறி எதுவும் சொல்லாது. அவரே நேரில் வந்து சொல்வார்.

இரண்டாவது, அரைகுறைப் பெயர்ப்பு மரபு. இவர்கள் முறைப்படி லெஃப்ட் அவுட்டர் ஜாயின் என்று மாற்றுவார்கள். ஆனால் எடை அட்டவணையின் தேதி நிபந்தனையை 'வேர்' பகுதியிலேயே விட்டுவிடுவார்கள். வெற்றிடத்துக்குத் தேதி ஏது? பெரும்பாடு பட்டு உள்ளே வந்த விடுப்புக்காரர் மீண்டும் வெளியேற்றப்படுகிறார். அந்த நிபந்தனை 'ஆன்' பகுதிக்குக் குடிபெயர வேண்டும்.

மூன்றாவது, மே மாதத்திலேயே சோதித்துவிடும் மரபு. இதைப் பின்பற்றுவோர் அரியர். டேட்டாபேஸின் நகலைச் சோதனைச் சர்வரில் ஏற்றி, எல்லாப் புரொசீஜர்களையும் புதிய லெவலில் ஒருமுறை மறுபடி உருவாக்கிப் பார்ப்பார்கள். கழிந்த இலக்கணம் அங்கேயே பிடிபடும். ஆரக்கிளில் எல்லாவற்றையும் மறுகம்பைல் செய்து, தேறாதவற்றை 'இன்வாலிட்' என்று பட்டியலிடும் வசதி உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு பிஎல்பிஜிஎஸ்கியூஎல்_செக் என்ற கருவி உண்டு. இவ்வளவுக்கும் தப்புவன சில. இல்லாத அட்டவணையைக் குறிப்பிட்டாலும் எஸ்கியூஎல் சர்வர் அப்போதைக்குக் கண்டுகொள்ளாது. மேற்கோள் குறிக்குள் பதுங்கி, ஓடும் நேரத்தில் உருவாகும் வரிகளை எவரும் படிப்பதில்லை. ஆகவே உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. போன பருவத்தின் தரவைக் கொடுத்து, பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் கூலிப் பட்டியலை எடுத்து, ஆள் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

6. முடிவும் பரிந்துரையும்

புரொசீஜர்களை நீளத்தால் வரிசைப்படுத்துவதும் ஆசிரியர் பெயரால் வரிசைப்படுத்துவதும் பயனற்றவை. நாட்காட்டியால் வரிசைப்படுத்துக. ஆண்டுக்கு ஒருமுறை எழுபவை முதலில்: மார்ச் 31 கணக்கு முடிப்பு, தீபாவளி போனஸ், நவம்பர்ப் பறிப்பு. தினமும் ஓடுபவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கெட்டால் மறுநாளே கத்தும்.

அப்கிரேடு முடிந்தது என்று கையெழுத்திடும் உரிமையைச் சிஸ்டம் பார்ப்பவரிடமிருந்து எடுத்து, கூலி பட்டுவாடா செய்யும் கணக்கரிடம் ஒப்படைக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. நவம்பரில் ஆட்கள் வரிசையில் நிற்கப்போவது அவர் மேசைக்கு முன்னால்தான். போன ஆண்டுப் பட்டியல் கடைசி ரூபாய் வரை ஒத்துவந்ததாக அவர் சொன்ன பிறகு இனிப்பு வழங்கலாம்.