முதலாளியைத் தெரியாத வாட்ச்மேன்

கேள்வி: ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சாவியைத் திருகினால் என்ஜின் சுற்றுகிறது, உயிர் வரவில்லை. இம்மொபிலைசர் கோளாறாம். பிடுங்கி எறிந்துவிடலாமா?

பதில்: வாட்ச்மேனுக்குக் கண் மங்கி, முதலாளியையே கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறார். அதற்காக வேலையை விட்டே தூக்குவதா? ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இந்த வாட்ச்மேன், அதாவது இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி, கட்டாயம். சாவியின் தலைக்குள் பொடிச் சில்லு ஒன்று தூங்குகிறது. அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதைத் தட்டியெழுப்பி, ‘யாரப்பா நீ?’ என்று விசாரிக்கும். பதில் திருப்தியில்லையென்றால் என்ஜினுக்கு பெட்ரோல் போகாது.

முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கார் பேட்டரி. இரண்டும் சரியென்றால், ஈரமா என்று கார்ப்பெட்டைத் தடவிப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! உதாரணத்துக்கு, 1996-ல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் இம்மொபிலைசரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். துணிக்கூரையின் வடிகாலில் இலை அடைத்தால் மழைத்தண்ணீர் அங்கே வந்து குளம் கட்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் பறக்கிற வண்டி, ஒரு சருகுக்குப் படுத்துவிடும்.

பழைய சாமான் கடையில் வேறு பெட்டி வாங்கி அப்படியே மாட்டாதீர்கள். அதற்கு உங்கள் சாவியைத் தெரியாது. நனைந்த பெட்டியின் நினைவுச் சில்லைப் பெயர்த்து, மாற்றுப் பெட்டியில் பற்றவைக்கத் தெரிந்தவரைப் பிடியுங்கள். கையோடு வடிகாலையும் குத்திவிடச் சொல்லுங்கள்.

பிடுங்கித்தான் தீருவேன் என்றால், நாளை வண்டி திருடுபோனதும் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிக்கொள்ளுங்கள்.