மருமவன் தாடைக்கு ஊசி

வாரும் மருமவனே. கல்யாணத்துக்கு முன்ன தாடைக்குக் கீழ தொங்குற சதைய ஊசி போட்டுக் கரைக்கப் போறீராமே? உம்ம ஆத்தா சொல்லிப் பொலம்புதா. எனக்குச் சந்தோசந்தான்வே. நீரு கொஞ்சம் கொறைஞ்சா பந்தியில இன்னொருத்தனுக்கு எடம் கெடைக்கும்லா.

கம்பவுண்டரா ஊசி குத்துனவன் சொல்லுதேன், கேளும். அதுல இருக்கது டியாக்ஸிகோலிக் ஆசிட். நம்ம வயித்துப் பித்தநீருல இருக்க சரக்குதான். தின்ன எண்ணெயச் செரிக்க வைக்கது. அதையே ஆலையில செஞ்சு சதைக்குள்ள ஏத்துனா, கொழுப்புச் செல்லோட சவ்வ ஒடைச்சுப்புடும். ஒடைஞ்சத ஒடம்பே மெல்ல மெல்ல அள்ளிட்டுப் போயிரும். செத்த செல்லு திரும்பி வராது.

அது வந்த கதயக் கேளும். பிரேசில்ல பாஸ்பாட்டிடைல்கோலின்னு ஒண்ணக் கொழுப்புக்குக் குத்துனாக. அது தண்ணியில கரையாதுன்னு தொணைக்கு இந்த ஆசிட்டோட உப்பக் கலந்தாக. 2004-ல அமெரிக்காவுல தனித்தனியா வச்சுப் பாத்தா, வேல செஞ்சதெல்லாம் தொணைக்கு வந்தவன்! மாப்பிள்ளைத் தோழன் தாலி கட்டுன மாதிரி. உம்ம கல்யாணத்துல அப்படி ஆயிராமப் பாத்துக்கிடும். 2015-ல கைபெல்லாங்கிற பேருல அந்த ஊரு சர்க்காரு அனுமதி குடுத்தது, தாடைக்கு மட்டும்.

எதுக்குச் சட்டையத் தூக்கி வயித்தக் காட்டுதீரு? தாடைக்கு மட்டும்னேன்லா!

பேனாவால சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வச்சுக் குத்துவாக. ஒரு நாளைக்கு 50 குத்து வரைக்கும் போவும். ஒரு மாசமாவது விட்டுத்தான் அடுத்தது. கூடிப்போனா 6 தடவ. குத்துன கையோட தாடை வீங்கி, இருந்ததவிடப் பெருசாத் தெரியும். நரம்புல பட்டா சிரிப்பு ஒரு பக்கம் கோணும்; அனேகமாச் சரியாயிரும், ஆனா போட்டோக்காரன் அதுவரைக்கும் காத்திருப்பானா? மலிவா வருதுன்னு செல்போன்ல வாங்கி நீரே குத்திக்கிடாதேயும். தழும்பும் சீழும் வருதுன்னு 2023-லயே அமெரிக்காவுல எச்சரிச்சிருக்காக.

வயித்துக்கு வேற ஊசி, செமாக்ளூடைட். வாரத்துக்கு ஒண்ணு. அது செல்ல ஒடைக்காது, பசிய அடக்கும். நிறுத்துனவுகளுக்கு எறங்குன எடையில மூணுல ரெண்டு பங்கு ஒரு வருசத்துல திரும்ப ஏறிருச்சாம். கறிக்கொழம்பு வாசனைக்குக் கை நீளாத உம்ம மொகத்த என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல.

தோல் டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடும். பொண்ணு வீட்டுக்காரங்க நேர்ல பாத்து, தாடையும் சேத்துத்தான்வே பேசி முடிச்சிருக்காக. கொறைச்சுக் கொண்டுபோனீருன்னா, மாமனாரு சீருலயும் கழிப்பாரு.