பந்து குத்தும் இடம்: தீவக வாசகர் கேள்வி – பதில்

எங்கட பள்ளிக்கூட மைதானத்தில் பாதி மண், பாதி கல். ஒரு பந்து தலைக்கு மேலால் போகுது, அடுத்தது கணுக்காலுக்குக் கீழால் போகுது. இதில் நின்று வேகப்பந்து எப்படிப் பழகுவது?
– மாணவன், நெடுந்தீவு

தம்பி, பந்து எங்கே போகும் என்று வீசின உங்களுக்கே தெரியாவிட்டால், எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊரில் விக்கெட் நிறைய விழும். ஆனால் கல் எடுத்துத் தந்த விக்கெட்டை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். நல்ல ஆடுகளத்துக்குப் போகும் நாளில் கல் கூட வராது.

நெடுந்தீவில் மண்ணை ஒரு சாண் கிளறினால் சுண்ணக்கல். வீட்டு வேலியையே பவளக் கல்லால் அடுக்கிய ஊர் அது. மேல்மண் மெல்லியது என்பதால் ஓர் அடி தள்ளிக் குத்தினாலே பந்தின் குணம் மாறிவிடும். ஆகவே வீசத் தொடங்க முன்னம் 22 யார் நீளத்தையும் நடந்து பாருங்கள். தோள் உயரத்திலிருந்து பந்தை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கீழே போட்டு, எங்கே முழங்கால் வரை எழும்புகிறது, எங்கே செத்துப்போகிறது என்று கவனியுங்கள். பிறகுதான் கையைச் சுழற்ற வேண்டும்.

இந்தத் தரை ஒன்றை மட்டும் நன்றாகச் சொல்லித்தரும்: யோர்க்கர். பந்து துடுப்புக்கு எவ்வளவு கிட்டக் குத்துகிறதோ, தரை சேட்டை விட அவ்வளவு குறைந்த இடம்தான் இருக்கும். காலியை அடுத்த ரத்கமவில் மென்பந்து வீசி வளர்ந்தவர் லசித் மாலிங்க. பின்னர் பயிற்சியாளர் சம்பக்க ராமநாயக்க, துடுப்பாட்டக்காரர் நிற்கும் கோட்டில் சப்பாத்துகளை வைத்து அதை அடிக்கச் சொல்லிப் பழக்கினார். ஜஸ்பிரித் பும்ரா அகமதாபாத்தில் சின்னப் பெடியனாக இருந்தபோது, அம்மாவின் தூக்கம் கலையக்கூடாதென்று, சுவரும் தரையும் சேரும் மூலையில் சத்தமில்லாமல் படும்படி பந்தை எறிந்து பழகினார். இருவரும் தொடங்கியபோது நல்ல ஆடுகளத்துக்காகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை.

பழைய சப்பாத்துச் சோடியைக் கோட்டில் வையுங்கள். ஆறு ஆறாக வீசி, பட்டதை மட்டுமல்ல, படாத பந்துகளையும் கொப்பியில் குறியுங்கள். குட்டையாக விழுந்தால் பந்தைக் கையிலிருந்து பிந்தி விட்டிருக்கிறீர்கள். குத்தாமலே மேலால் போனால் முந்தி விட்டிருக்கிறீர்கள். ஒரு கிழமைக் கொப்பியைப் பார்த்தால் உங்கள் பிழை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். பயிற்சியாளர் இல்லாத தீவில் அந்தக் கொப்பிதான் பயிற்சியாளர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கல்லுத் தரையில் கடினப்பந்து வீசும்போது எதிரே ஒருவரையும் நிறுத்த வேண்டாம். ஆள் நின்றால் மென்பந்து, சப்பாத்து நின்றால் கடினப்பந்து.

சீமெந்துக்கு மேல் தும்பு விரிப்புப் போட்டு விளையாடுகிறோம். நான் வீசும் நல்ல பந்தெல்லாம் விக்கெட்டுக்கு மேலால் போகிறது. என் பந்தில் என்ன குறை?
– பந்துவீச்சாளர், ஊர்காவற்றுறை

பந்தில் குறை இல்லை, அது குத்தும் இடத்தில்தான் குறை. புற்தரையில் விக்கெட்டின் தலையைத் தட்டும் பந்து, சீமெந்தின் மேல் விரித்த தும்பு விரிப்பில் அதற்கு மேலால் தாண்டிவிடும். ஓர் எட்டு முன்னுக்குக் குத்துங்கள். விரிப்பை நாலு பக்கமும் இழுத்து ஆணி அடித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தளர்ந்த விரிப்பில் மடிப்பு விழும். மடிப்பில் பட்ட பந்தை வைத்துத் தன் திறமையை எடைபோட முடியாது.

விரிப்பு ஆடுகளத்தைக் குறைவாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். 1913–14இல் இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் தென்னாபிரிக்காவின் விரிப்பு ஆடுகளங்களில் நாலே டெஸ்ட் போட்டிகளில் 49 விக்கெட்டுகளை எடுத்தார். ஒரு தொடரில் அதைவிட அதிகம் இன்றுவரை எவரும் எடுத்ததில்லை. 1956 ஒக்டோபரில் கராச்சியில் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் 13 விக்கெட் எடுத்து அவுஸ்திரேலியாவை வீழ்த்தினார். முதல் இன்னிங்ஸில் அவுஸ்திரேலியா 80 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இருவரும் வெறும் வேகத்தை நம்பியவர்கள் அல்லர். விரல்களால் பந்தை வெட்டி விட்டார்கள், தும்பு அதைக் கவ்வித் திருப்பியது. நீங்களும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, தையலின் மேல் விரலை இழுத்து விட்டுப் பாருங்கள். வெறும் சீமெந்தில் வழுக்கிக்கொண்டு போகும் அதே பந்து விரிப்பில் திரும்பும்.

சாட்டிக் கடற்கரை மணலில் வீசிப் பழகினால் வேகம் கூடுமாமே?
– உயர்தர மாணவன், வேலணை

கால் உரமேறும். வேகம் தானாகக் கூடாது. காய்ந்த மணலில் கால் புதையும், ஓட்டத்தின் தாளம் கெடும், குதிக்கால் நரம்பு நோகும். அலை வந்து போன ஈர மணல் இறுக்கமானது, அங்கே வீசுங்கள். அந்த மணலிலும் பந்து அவ்வளவாக எழும்பாது. எழும்பாத இடத்தில் எழும்பும் பந்தைப் பழகி என்ன பிரயோசனம்? மெதுவான பந்தையும் யோர்க்கரையும் அங்கே பழகுங்கள். ஈர மணலில் பந்து விட்ட குழி உங்கள் துல்லியத்தின் சாட்சி. அடுத்த அலை வரமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோழகக் காற்றில் எந்தப் பக்கத்தால் வேகக்காரரை விடுவது, எந்தப் பக்கத்தால் சுழற்பந்துக்காரரை விடுவது?
– கடற்தொழிலாளி, அனலைதீவு

அண்ணை, காற்றைப் பற்றி உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்வது! பந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடினப்பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். டெனிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. சோழகம் கடினப்பந்தைத் தள்ளும், டெனிஸ் பந்தைத் தூக்கிக்கொண்டே போய்விடும்.

ஊர் வழக்கத்தில் காற்றோடு வேகக்காரரையும், எதிர்க்காற்றில் மிச்சப்பட்டவரையும் விடுவார்கள். எதிர்க்காற்றை மிச்சப்பட்டவரிடம் தள்ளக்கூடாது. உங்கள் மிக நல்ல சுழற்பந்துக்காரரை அங்கே விடுங்கள். முன்னோக்கிச் சுழலும் பந்து எதிர்க்காற்றைச் சந்திக்கும்போது இன்னும் விரைவாகக் கீழே இறங்கும். காலை முன்னுக்கு வைத்து அடிக்க வந்தவருக்குப் பந்து எட்டாது. காற்றோடு வீசுகிற வேகக்காரர் குத்தும் இடத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்தே பழக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய நல்ல பந்தெல்லாம் காற்றோடு தாண்டிப்போய் அடிக்க வசதியாக விழும். ஒருவரையே இரண்டு பக்கத்தாலும் வீசப் பழக்குவது நல்லது. நாணயச் சுழற்சியில் வென்றாலும் காற்றை ஒருவராலும் தெரிவுசெய்ய முடியாது.

என் மகனுக்கு 12 வயது. விடிந்தால் சீமெந்து முற்றம், பொழுதுபட்டால் ஒழுங்கை. எந்நேரமும் பந்துதான். இடுப்புக்கு மேலே நோகுது என்கிறான். எண்ணெய் பூசி விடுகிறேன். சரிதானே?
– ஒரு தாய், புங்குடுதீவு

அம்மா, சரியில்லை. எண்ணெயை வைத்துவிட்டு முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் வேகமாக வீசுகிற பிள்ளைகளுக்கு நாரியெலும்பில் மெல்லிய வெடிப்பு விழக்கூடும். வெளியில் ஒன்றும் தெரியாது, வீசும்போதுதான் நோகும். நோவோடு வீச வீச அது பெரிதாகும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும்.

13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஒரு தடவையில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். ஒவ்வொரு பந்திலும் முன்காலில் உடலின் பாரத்தைப் போலப் பல மடங்கு இறங்குகிறது, சீமெந்து அதில் ஒரு துளியையும் வாங்கிக்கொள்ளாது. உங்கள் முற்றத்துக்கு இன்னும் குறைவாகவே கணக்குப் போட வேண்டும். வைத்தியர் சரி என்ற பிறகு மண் தரையில், நல்ல சப்பாத்தோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீசட்டும். மற்ற நாளில் பிடி எடுக்கப் பழகட்டும். பந்து கையில் இருந்தால் அவனுக்குச் சந்தோஷம்தானே.

நான் பெண் பிள்ளை. லெக் ஸ்பின் ஆசை. மைதானத்தில் பெடியள் இடம் தர மாட்டார்கள். வீட்டில் பழகி ஆளாக முடியுமா?
– மாணவி, நயினாதீவு

தங்கச்சி, முடியும். லெக் ஸ்பின் பழக முதலில் மைதானம் தேவையில்லை, மணிக்கட்டுத்தான் தேவை. கதிரையில் இருந்தபடி பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுழற்றிப் போடுங்கள். அது பழகிய பிறகு முற்றத்தில் பாதித் தூரத்தில் நின்று வீசுங்கள். திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள், எங்கே விழுகிறது என்ற கவலை பிறகு வரட்டும். சுழற்சி வந்த பிறகு ஒவ்வோர் எட்டாகப் பின்னுக்குப் போய் முழுத் தூரத்துக்கு வாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நேராக விழப் பழகி, பிறகு திருப்பப் பார்க்கிறார்கள். திருப்பம் வருவதே இல்லை.

கடற்கரைப் பக்கத்து மணல் முற்றத்தில் பந்து மெதுவாகத் திரும்பும், சீமெந்தில் வழுக்கும். இரண்டிலும் வீசுங்கள். சீமெந்தில் திருப்பத் தெரிந்த கைக்குப் புற்தரை சுகமாக இருக்கும். பெண்கள் விளையாடும் பந்து சற்றுச் சிறியது, 140 முதல் 151 கிராம் வரை. உங்கள் விரலுக்கு அதுதான் பொருந்தும். கடையில் கேட்டு வாங்குங்கள், அண்ணனின் பந்தை எடுத்துப் பழக வேண்டாம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் இதே லெக் ஸ்பின்னோடுதான் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லிலும் வீசினார். அடுத்த பெயர் ஒரு பெண்ணுடையதாக இருக்கட்டும். மைதானத்தில் இடம் தராத பெடியளுக்கும் ஒரு சொல்: உங்கள் அணியில் லெக் ஸ்பின் வீச ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

எங்கட ஊர் விட்டு வந்து கனகாலம். இங்கே பனிக்காலத்தில் பேரப்பிள்ளைகளோடு பத்துப் பின் போலிங் விளையாடப் போகிறேன். பின்னேரம் நன்றாக விழுகிற பின்கள் இரவில் விழ மறுக்கின்றனவே, ஏன்?
– புங்குடுதீவைச் சேர்ந்தவர், டொரொன்டோ

ஐயா, உங்கள் கையில் பிழை இல்லை, தரை மாறிவிட்டது. அந்த ஓடுபாதை 60 அடி, நம்முடைய ஆடுகளத்தைவிட 6 அடிதான் குறைவு. அதன் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். நடுவில் கூட, ஓரங்களில் குறைய. எண்ணெயில் பந்து சறுக்கும், எண்ணெய் முடிந்த இடத்தில் தரையைப் பிடித்து வளையும். ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகிறது. இரவாகும்போது நீங்கள் வழக்கமாக விடும் தடம் காய்ந்துவிடும், பந்து முந்தியே வளைந்துவிடும்.

மருந்து சுலபம். பந்து எந்தப் பக்கம் தவறுகிறதோ, நிற்கும் இடத்தை அந்தப் பக்கமே கொஞ்சம் நகர்த்துங்கள். இடதுபுறம் அதிகம் வளைந்தால் இடதுபுறமாக நகர்ந்து நில்லுங்கள். கையை மாற்றவேண்டாம். போனவுடன் விடும் முதல் சில பந்துகளுக்குப் புள்ளியைப் பார்க்காமல் வளைவை மட்டும் பாருங்கள். பேரப்பிள்ளைகள் வென்றால் வெல்லட்டும்.

மழைக்காலத்தில் பயிற்சியை நிறுத்துவதா?
– எழுவைதீவு வாசகர்

வேண்டாம். ஒரு வாளி தண்ணீர், அதில் ஒரு பந்து, விறாந்தைக்கு எதிரே ஒரு சுவர். நனைந்த பந்தைப் பிடித்து வீசத் தெரிந்தவரைத்தான் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அணித்தலைவர் தேடுவார்.

மண்டைதீவில் சர்வதேச மைதானம் வருகுது. நாங்கள் கல்லிலும் விரிப்பிலும் பழகினதெல்லாம் அங்கே உதவுமா?
– இளைஞர் கழகம், புங்குடுதீவு

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலம் தாண்டினால் வருகிற முதல் தீவில் ஒரு நாள் டெஸ்ட் போட்டி நடக்கலாம் என்பதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. கண்டலும் சதுப்பும் உள்ள கரை அது. மைதானத்தோடு அவையும் பிழைக்க வேண்டும் என்று கேட்பவர்களின் குரலும் நியாயமானது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதி உதவும். துல்லியம், யோர்க்கர், காற்றைப் படிக்கிற கண், இவை எந்தத் தரைக்கும் செல்லும். புற்தரைக்கே உரிய மறுபாதியைப் புற்தரையில் மட்டும்தான் படிக்கலாம். நம் நாட்டில் ஆடுகளம் அமைக்க மன்னார் முருங்கனின் கரிய களிமண்ணைக் கொண்டுபோகிறார்கள். ஈரத்தில் ஊதி, வெயிலில் வெடிக்கும் மண் அது. காலையில் ஈரம் இருக்கும்போது வேகக்காரரின் தையலுக்கு வேலை செய்யும். பின்னேரம் காய்ந்து வெடித்ததும் சுழற்பந்துக்கு இடம் கொடுக்கும். ஒரே ஆடுகளத்தில் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் குத்த வேண்டும். விரிப்பில் பழகிய பிள்ளைக்கு இந்த மாற்றம் புதிது. விரிப்பு நாள் முழுக்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஆகவே பெரிய மைதானத்தோடு சேர்த்து ஒரு சின்ன விடயத்தையும் கேளுங்கள்: ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஒவ்வொன்றிலும் பயிற்சிக்கென்று ஒரு புற்தரைத் துண்டு, அதைப் பராமரிக்கச் சம்பளத்தோடு ஓர் ஆள். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மாலைப் பயிற்சிக்கு மண்டைதீவு போன பிள்ளை கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு வீடு திரும்ப வழியில்லை. நெடுந்தீவுப் பிள்ளைக்கு நெடுந்தீவிலேயே களிமண் வேண்டும்.

அதுவரை, புற்தரையில் போட்டி கிடைக்கும் நாளில் ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள். ஆடுகளத்தை மிதிக்காமல் ஓரத்தில் குந்தி, அனுமதி கேட்டுப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்தால் புதுப்பந்தை வேகக்காரரிடம் கொடுத்து, மட்டான நீளத்தில் தையலைக் குத்தச் சொல்லுங்கள். பதியாமல் தூள் ஒட்டினால் சுழற்பந்துக்காரரைச் சீக்கிரமாகவே கூப்பிடுங்கள்.